பேசவைக்கும் படிப்பு

ஜூன் 9

தம்பிக்கு,

உன் மாமா இந்த மாதச் சம்பளக் கவரை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பிரித்துப் பார்த்தேன். மறுபடியும் பிடித்திருக்கிறார்கள். உன் படிப்புக் கடனுக்கு அவர் போட்ட ஜாமீன் கையெழுத்து மூன்றாவது மாதமாக எங்கள் வீட்டுச் செலவில் கைவைக்கிறது. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். குளித்துவிட்டு வந்து, குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஏன் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன் என்று நீ நினைக்கலாம். போனில் பேசமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். “அவன் குரலைக் கேட்டா நீ கரைஞ்சிடுவே. திட்டணும்னு ஆரம்பிச்சு, செலவுக்குப் பணம் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் வைப்பே” என்றார். பொய்யில்லை. போன தடவை அப்படித்தான் நடந்தது. எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பாங்கிலிருந்து கிளினிக்குக்கே போன் வந்தது. பல் டாக்டர் உள்ளே வேலையாக இருந்தார். முன் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற நான், “என் தம்பி கட்டிவிடுவான் சார்” என்று தாழ்ந்த குரலில் சொல்லச் சொல்ல, காத்திருந்தவர்கள் எல்லாரும் பல்வலியை மறந்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்க லோன் கேட்டிருந்தோம் அல்லவா? கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஜாமீன் போட்டவரின் பெயரும் சேர்ந்து கெட்டுப்போகுமாம். இப்போது இருக்கும் வீட்டின் பின்சுவர் எப்போதும் ஓதமேறி ஈரமாகவே இருக்கிறது. சின்னவள் அந்தச் சுவர் ஓரமாகத்தான் படுக்கிறாள், விடாமல் இருமுகிறாள். உன் அக்கா மகளின் இருமலுக்கும் உன் சமூகவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீ ஒரு கட்டுரை எழுதலாம்.

கிண்டலை விடு. எப்போது கட்டப் போகிறாய்? அதை மட்டும் எழுது.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

எப்போது கட்டுவேன் என்று மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறாய். ஒரே வரியில் எழுதி முடிக்கிற ஆளா நான்? கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு பக்கம் கடனும் வட்டியும். இன்னொரு பக்கம் இந்தப் பட்டம் வாங்கிய பிறகு நான் சம்பாதித்த மொத்தமும். இரண்டாவது பக்கத்தில் எழுதுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. வீடு வீடாகப் போய் சர்வே எடுக்கும் வேலை உனக்குத் தெரியும். எந்தச் சோப்பு போடுகிறீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று நாலு பக்கம் கேட்க வேண்டும். கதவைத் திறப்பவர்கள் நான் என்ன விற்கிறேன் என்று கேட்பார்கள். எதுவும் விற்கவில்லை என்று சொன்னால் இன்னும் சந்தேகம் வந்து கதவைச் சாத்துவார்கள். முழுதாக நிரப்பிய ஒரு படிவத்துக்கு இரண்டு டீ குடிக்கிற காசு. முக்கால்வாசி நிரம்பிய படிவத்துக்கு ஒன்றும் இல்லை. வாடகையும் பஸ் செலவும் போக, என் கடனின் வட்டிக்குக்கூட அது காணாது.

என்னோடு படித்தவர்களில் முதலாவதாக வந்தவள் துணிக்கடை ஒன்றில் மேலாளர். ஒருவன் இன்ஷூரன்ஸ் விற்கிறான், என்னிடமே விற்கப் பார்த்தான். அதனால் நான் மட்டும் சோம்பேறி என்று மாமா நினைக்க வேண்டாம். அந்த மூன்று வருடம் எனக்குப் பிடித்திருந்தது, அக்கா. ஒரு தெருவில் யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் அந்தத் தெருவே திறந்து கொள்ளும். அதைத் தெரிந்துகொள்ள யாராவது சம்பளம் கொடுப்பார்கள் என்று நம்பினேன். அது என் முட்டாள்தனம்தான்.

இப்போது ஒருவர் கொடுக்கிறேன் என்கிறார். சிரிக்காதே. கடன் வசூல் செய்யும் கம்பெனி. கண்ணாடி அறையில் வரிசையாக உட்கார்ந்து, தவணை தவறியவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். நேர்காணல் செய்தவர் என் பட்டத்தைப் பார்த்துவிட்டு, “சமூகவியலா? அப்போ ஜனங்களைப் பேசவைக்கத் தெரியுமே” என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என் படிப்பைப் பார்த்து முகம் மலர்ந்த முதல் மனிதர் அவர்தான். என் பெயரிலேயே பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். அதனால் பரவாயில்லை, அந்த வலி தெரிந்தவனாக இருப்பது நல்லதுதான் என்றார்.

அடுத்த மாதம் முதல் நானே கட்டுகிறேன். மாமாவிடம் பிடித்ததையும் சேர்த்து வைத்துத் திருப்பித் தருகிறேன். சின்னவளைச் சுவரை விட்டுத் தள்ளிப் படுக்க வை.

உன் தம்பி


ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

இந்த மாதம் சம்பளம் முழுதாக வந்தது. மாமா கவரை என் கையிலேயே கொடுத்தார். “பேராசிரியர் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டார்போல” என்றார். பேராசிரியர் என்று உன்னைச் சொல்லும்போது அவர் முகத்தில் வழக்கமான கடுப்பு இல்லை.

வேலையைக் கேட்டு ஒரு மூச்சு சிரித்தார். குளிர்பதனக் கிடங்கில் அவரோடு இருக்கும் மெக்கானிக்குகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளினிக்கில் அந்தப் போனை எடுத்தவள் நான். எதிர்ப் பக்கத்தில் இருந்தவன் மரியாதையாகத்தான் பேசினான், ஆனாலும் அன்று முழுக்க டோக்கன்களை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். நீ யாரையும் மிரட்டாதே. வேலை செய்யும் இடத்துக்குப் போன் செய்யாதே. அவர்களுக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

பாங்கில் மறுபடி கேட்டுப் பார்த்தோம். இப்போதுதான் ஒழுங்காகக் கட்டுகிறானே என்று சொன்னேன். பழைய பாக்கி பதிவில் நிற்கிறதாம். கட்டி முடித்தாலும் சில வருடத்துக்கு அழியாதாம். அந்தப் பெயரை வைத்து யார் கேட்டாலும் எந்தக் கடனும் கிடைக்காது என்று அந்தப் பெண் கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, நிலைமையைச் சொல்கிறேன். வாங்குகிற ஆசையை விட்டுவிட்டோம். வெயில் வரும் வாடகை வீடாவது பார்க்கலாம் என்று இருக்கிறோம். முன்பணம்தான் மலைப்பாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது. இதை மாமாவிடம் சொல்லவில்லை.

அக்கா


நவம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. போன மாதம் எங்கள் பிரிவில் அதிகமாக வசூல் செய்தவன் உன் தம்பி. எல்லாரையும் எழுந்து நின்று கைதட்டச் சொன்னார்கள். ஒரு மின்சாரக் கெட்டிலும் பரிசாகக் கொடுத்தார்கள். சம்பளத்தோடு ஊக்கத்தொகையும் வருகிறது. இதே வேகத்தில் போனால் புது வருடம் பிறந்ததும் கடன் முடிந்துவிடும், அதன் பிறகு மாமாவுக்குச் சேர்க்க ஆரம்பிப்பேன்.

மிரட்டுகிறேனோ என்று பயப்படுகிறாய். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தியதில்லை. இங்கே மிரட்டுகிறவர்களுக்கு வசூலே ஆவதில்லை, போனை வைத்துவிடுகிறார்கள். நான் பணத்தைப் பற்றியே கேட்பதில்லை. எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் யார் யார், வேலை எப்படிப் போகிறது என்று கேட்பேன். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். கல்லூரியில் கள ஆய்வு வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். கேள்வி கேட்டபின் அவசரப்படாமல் இருந்தால், அந்த அமைதியைத் தாங்க முடியாமல் எதிரே இருப்பவரே பேசிவிடுவார். பேசப் பேச, யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பார்கள், எந்தப் பணம் எங்கே இருக்கிறது எல்லாம் தானாக வந்துவிடும். அதன் பிறகு ஒரு வழி சொன்னால் போதும்.

போன மாதக் கடைசியில் ஒரு தையல்காரம்மா. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சீருடை தைப்பவர். மெஷின் வாங்கிய கடனில் பாக்கி. யார் போன் செய்தாலும் எடுக்கவே மாட்டார் என்று என் மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். என்னிடம் ஒரு மணி நேரம் பேசினார். கணவர் இறந்துபோனது, துணி சரியில்லை என்று ஆஸ்பத்திரி பில்லை நிறுத்தி வைத்தது, மகளுக்கு நர்ஸிங்கில் இடம் கிடைத்தது, அதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தது, எல்லாம். அந்தப் பணத்தை இப்போது பாக்கிக்குக் கட்டிவிடுங்கள், மெஷின் பறிபோகாது, மகளுக்குத்தான் படிப்புக் கடன் வாங்கலாமே என்று சொன்னேன். மறுநாளே முழுதாகக் கட்டிவிட்டு, நன்றி சொல்லிப் போன் செய்தார். கெட்டில் வந்தது அதனால்தான்.

என் படிப்பு வீண் என்று சொன்னவர்களை இப்போது கூப்பிடு.

உன் தம்பி


நவம்பர் 26

தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மாமாவுக்கு முதல் பாதி மட்டும்தான் தெரியும்.

அந்தப் பெண்ணுக்குப் படிப்புக் கடன் யார் கொடுப்பார்கள்? அம்மா பெயரில்தானே பாக்கி. அழியாது, யார் கேட்டாலும் கிடைக்காது என்று நான் உனக்கு எழுதினேனா இல்லையா? நீயே அந்த அறையில் உட்கார்ந்து நாள் முழுக்க அந்தப் பதிவுகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாதா?

நீ கடன் வாங்கிப் படித்தாய், உனக்காகக் கையெழுத்துப் போட இங்கே ஒரு ஆள் இருந்தார். அவளுக்கு அதுவும் கிடையாது. சேர்த்து வைத்த காசுதான் இருந்தது. அதை நல்ல வார்த்தை சொல்லி எடுத்துக்கொண்டாய். மிரட்டியிருந்தாலாவது அந்த அம்மா போனை வைத்திருப்பார்.

எனக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. கையெழுத்துக்காக நீ வந்த அன்று, அடுக்களையில் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். இடம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாய். ஒன்றுமே கேட்கவில்லை. நான்தான் தாங்கமுடியாமல், “மாமாகிட்ட நான் பேசுறேன்டா” என்றேன். அப்போது நீ கல்லூரி வாசலையே மிதிக்கவில்லை. அதனால் அது வகுப்பில் கற்றது இல்லை, உனக்குப் பிறவியிலேயே உண்டு. தெரிந்தா செய்தாய் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் நீ ஏதாவது சொல்வாய், நானும் நம்பிவிடுவேன்.

கெட்டிலை இங்கே கொண்டுவந்துவிடாதே.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

இத்தனை நாளாக எழுதவில்லை. எழுதினால் நன்றாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

கடன் முடிந்துவிட்டது. பாக்கி இல்லை என்று பாங்கு கொடுத்த தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், மாமாவிடம் கொடு. அவர் பெயரைச் சொல்லி இனி பாங்கிலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்தப் பெண் ஆபீசுக்குப் போன் செய்தாள். தையல்காரம்மாவின் மகள். நான்தான் எடுத்தேன். மூன்று பாங்கில் கேட்டும் கிடைக்கவில்லை, அம்மாவிடம் பேசியவர் வழி சொன்னாராமே, எந்தப் பாங்கு என்று சொல்லுங்கள் என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே நான் ஒரு பாங்கை மனத்தில் வைத்துச் சொன்னதாக நினைத்திருக்கிறாள். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பிறகு கேட்டபோது, அதற்குள் இடம் வேறு யாருக்கோ போய்விட்டது என்று தெரிந்தது. இப்போது ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள்.

உனக்குத் தெரியாதா என்று கேட்டிருந்தாய். உன் கடிதம் என் பெட்டியில்தான் இருந்தது. அந்த அம்மாவிடம் பேசும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் பாதி உண்மை. வரவிடவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். மறுபடியும் சோப்பு சர்வே. இந்தப் பட்டத்தால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று மறுபடி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கடன் பக்கத்தில் பாங்குக்கு இனி ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கடனை அடைத்த பணத்தில் அவள் படிப்பும் இருக்கிறது. எப்படிக் கூட்டினாலும் அது போகவில்லை.

கையில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. மாமாவிடம் பிடித்ததைத் திருப்பித் தரவென்று ஒதுக்கியது. அது அவர் பணம். உங்கள் வீட்டு முன்பணத்துக்கும் அது போதும். நர்ஸிங்கில் அடுத்த வருடச் சேர்க்கைக்கும் ஏறக்குறைய அதே தொகைதான். இரண்டுக்கும் வராது. என்ன செய்யட்டும் என்று நீ சொல்.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

தாளைப் பார்த்துவிட்டு மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பீரோவில் கல்யாணப் பத்திரிகை இருக்கும் கவரிலேயே அதை வைத்துவிட்டார். வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார். தொண்டை வலியாம் என்றேன்.

வீடு பார்த்துவிட்டோம். இரண்டாவது மாடி. காலை வெயில் படுக்கையறை வரை வருகிறது. சின்னவள் அந்த வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள். மாத முடிவுக்குள் முன்பணம் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மாமா தன் கிடங்கில் அட்வான்ஸ் கேட்கக் கூச்சப்படுகிறார். உன் விஷயத்தில் அவர் பட்ட அவமானம் போதாதா என்று நானும் கேட்கச் சொல்லவில்லை.

இப்போது நீ என்னைக் கேட்கிறாய். கேட்டுவிட்டு அந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டாய். நான் என்ன சொல்ல வேண்டும்? அந்தப் பெண்ணுக்குக் கொடு என்று நான் சொன்னால் உன் மனசு லேசாகிவிடும், என் மகள் அந்தச் சுவரோரம்தான் படுப்பாள். எங்களுக்குக் கொடு என்று சொன்னால் பாவத்தில் எனக்கும் பங்கு. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. எனக்கு வீடு வேண்டும். யாரோ பெற்ற பெண் மருந்துக் கடையில் நிற்பதை நினைத்து அழுதேன், ஆனாலும் எனக்கு வீடு வேண்டும். சொல்லிவிட்டேன். நான் சொன்னேன் என்பதற்காகச் செய்யாதே. இந்த ஒன்றையாவது யாரையும் பேசவைக்காமல் நீயே செய்.

அக்கா


பிப்ரவரி 28

அக்காவுக்கு,

நேற்று அங்கே போனேன்.

ஒரே அறை. ஜன்னல் பக்கம் மெஷின், பாதி அறைக்கு வெட்டிய நீலத் துணி. கதவைத் திறந்த தையல்காரம்மாவுக்கு என் முகம் தெரியவில்லை. நான் பேசியதும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். உள்ளே கூப்பிட்டு, துணியை ஒதுக்கி நாற்காலி போட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போகவில்லை, வேண்டுமென்றே. அதனால் திக்கித் திக்கித்தான் சொன்னேன். கடன் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சொன்னேன். சொல்லிப் பணத்தை மேசைமேல் வைத்தேன்.

அம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், “அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் தம்பி என்னை முழுசாப் பேச விட்டீங்க. அவர் போனதுக்கப்புறம் யாருகிட்டயும் நான் அவ்வளவு பேசினதில்லை” என்றார். அந்த ஒரு மணி நேரத்துக்காக இன்னமும் எனக்கு நன்றிதான் வைத்திருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப்போல் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

மகள் அப்படி இல்லை. வேலையிலிருந்து வந்தவள் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். பணத்தை எடுத்து இரண்டு தரம் எண்ணினாள். நன்றி சொல்லவில்லை, அவள் பணம்தானே. பிறகு என்ன படித்தேன் என்று கேட்டாள். சமூகவியல் என்றேன்.

“அதைப் படிச்சா இந்த வேலைதான் கிடைக்குமா?”

இதுவும் கிடைக்கும் என்றேன். நல்லது ஏதாவது சேர்த்துச் சொல்லலாமா என்று தேடினேன். அந்த மூன்று வருடம் பிடித்திருந்தது என்பதை அவளிடம் போய்ச் சொல்ல முடியுமா?

வீடு கைவிட்டுப் போயிருக்கும் என்று தெரியும். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அங்கே போனேன் என்பதையும் மறைக்கவில்லை. நீ திட்டு. சின்னவளுக்கு என்ன சொல்வாயோ தெரியாது. மாமாவுக்குத் தர வேண்டியதை மறுபடி முதலிலிருந்து சேர்க்கிறேன், சோப்பு சர்வே வேகத்தில் அதற்கு எவ்வளவு காலமாகும் என்று உனக்கே தெரியும்.

மாமாவிடம் நீயே சொல்லிவிடு. நேரில் வந்து நானே சொல்வதுதான் முறை. பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். நான் பேசினால், அவர் பரவாயில்லை என்று சொல்லிவிடுவார்.

தம்பி